தளர்ந்த தந்தியில் தம்பி பாட்டு

ஆஸ்பத்திரிப் போர்வைகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பெயர் ‘கரகரப்பு’. இயந்திர இரைச்சலில் கத்திக் கத்திப் பேசியே தொண்டை அப்படி ஆகிவிட்டது. அந்தத் தொண்டையையும் பாட்டுக்குத் தோதாக்கிக்கொண்ட கெட்டிக்காரி. ஞாயிறு சாயங்காலங்களில், மரச்சாமான் கடைக்கு அடியிலிருந்த கிடங்கில் கிட்டார் வாசித்துப் பாடுவாள், புருஷன் டிரம்ஸ்.

அங்கே வரும் கூட்டத்துக்குப் பங்க் போதும். காது கிழிய வேண்டும், குதிக்க வேண்டும், அவ்வளவுதான். நடுவில் சோகமாக இழுத்துப் பாடும் ஒரு ப்ளூஸ் வந்தால் போனால் போகிறதென்று பொறுத்துக்கொள்வார்கள். இவளோ, குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் போய் லாரியில் மோதிச் செத்த தம்பிக்காக, அமெரிக்க நாட்டுப்புறக் கன்ட்ரி மெட்டில் ஒரு பாட்டுக் கட்டி வைத்திருந்தாள். போன தடவை அதை மெதுவாக ஆரம்பித்ததுமே ஊளையிட்டு நிறுத்திவிட்டார்கள்.

“இன்னைக்கும் எடுபடலேன்னா அந்தப் பாட்டைத் தலைமுழுகிடணும்,” என்று புருஷன் கறாராகச் சொல்லியிருந்தான்.

“முடியாதுன்னா?”

“வேற ஆளைப் பார்த்துக்கோ. டிரம்ஸுக்குச் சொல்றேன்.”

“நானும் டிரம்ஸுக்குத்தான் கேட்டேன்,” என்றாள். இருவரும் சிரிக்கவில்லை.

அன்று ப்ளூஸ் பாட்டு முடிந்தது. அதற்காகத் தந்திகளைத் தளர்த்தி, விரலில் இரும்புக் குழாயை மாட்டி இழுத்து வாசித்திருந்தாள். தம்பி பாட்டுக்கு அவற்றை மறுபடி முறுக்க வேண்டும். இருப்பதோ ஒரே கிட்டார். குனிந்து முதல் முறுக்காணியைத் தொட்டாள். அந்த அமைதியைக் கூட்டம் தாங்கவில்லை. ஒருவன் ஊளையிட்டான். காலி டப்பா ஒன்று அவள் காலடியில் வந்து விழுந்தது.

புருஷனுக்கு அதற்குமேல் இருப்புக்கொள்ளவில்லை. “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு!” என்று தம்பி பாட்டையே பங்க் வேகத்தில் அடித்துக் கிளப்பிவிட்டான்.

பாவி! இன்னும் ஒரு தந்திகூட முறுக்கவில்லையே. வழக்கமான விரல்பிடி எதைப் பிடித்தாலும் அபஸ்வரம்தான். நிறுத்தினாலோ தம்பி பாட்டு இன்றோடு ஒழிந்தது. வேறு வழியில்லாமல், தளர்ந்த தந்திக்கு ஒத்துவரும் குழாயையே அதன்மேல் தேய்த்துக்கொண்டு, அந்த ஓட்டத்திலேயே வாயைத் திறந்தாள்.

“சொல்லாமப் போனியே தம்பி...”

மெதுவாகப் பாடும்போது தாலாட்டுப் போலிருக்கும் வரி, இப்போது வசவாகத் தெறித்தது. அவளே திடுக்கிட்டாள். துக்கம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். துக்கமில்லை, கோபம். வண்டிச் சாவியைப் பிடுங்க வந்த அக்காவைத் தள்ளிவிட்டுப் போனவன்மேல் அடங்காத கோபம். அவள் கத்தக் கத்தக் கூட்டம் குதித்தது.

பாட்டு முடிந்தது. விசில் பறந்தது. புருஷன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: “கோவமா?”

“உன்னை வீட்டுல வெச்சுக்கிறேன்.” கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். “இன்னொரு தடவை அடி. அவனை நான் இன்னும் திட்டி முடிக்கலை.”