வௌவால் சக்கை கிடந்த மரங்கள்

வியாழக்கிழமை மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு மாமா போன் செய்தார். என் அக்கா அற்புதத்தின் கணவர் சத்தியசீலன். கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டுகிறவர். தறிச் சத்தத்தில் பழகியதால் எப்போதும் கத்தித்தான் பேசுவார். அன்று குரல் மெல்ல வந்தது.

“கிருபா, ரிசல்ட்டு வந்திருச்சு கண்ணு. இல்லையாம்.”

“எது இல்லைங்க மாமா?”

“அந்த வவ்வாக் காய்ச்சலு. அக்காளுக்கு வந்தது எலிக்காய்ச்சலாம். சுகாதார ஆபீசரே கூப்பிட்டுச் சொல்லிப்போட்டாரு.”

அக்கா இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. நோயின் பெயர் மாறியதால் அவள் திரும்பி வரப்போவதில்லை. இருந்தும் கோவை ஆர்.எஸ்.புரத்தில் என் வாடகை அறையின் தரையில் உட்கார்ந்து, திங்கட்கிழமைக்குப் பிறகு முதல்முறையாக முழு மூச்சு விட்டேன். அந்தப் பக்கம் மாமா அழுதார். அழுகைக்கு நடுவே ஒன்று கேட்டார்.

“அப்ப மரத்த வெட்ட மாட்டாங்கல்ல?”

அது வரதராஜுலு ஐயாவின் சப்போட்டாத் தோட்டத்துக் கிணற்றோரம் நிற்கும் தூங்குமூஞ்சி மரம். பகலில் இலையை விட வௌவால்கள்தான் அதில் அதிகம் தெரியும். அக்கா அந்தத் தோட்டத்தில் பறிப்பு மேஸ்திரி. அவளுக்குக் கீழே நான்கு பெண்கள். எங்கள் அப்பாவும் அம்மாவும் பிறர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். அக்கா பத்தாவதோடு நிறுத்திக்கொண்டு ஸ்பின்னிங் மில்லுக்குப் போனாள். அந்தச் சம்பளத்தில்தான் நான் கல்லூரி முடித்தேன். மில் மூடிய பிறகு தோட்டத்துக்கு வந்தாள். ஆறு வருடத்தில் அங்கே அவள் சொல்வதுதான் வேலை.

அவள் சேர்ந்த புதிதில் வரதராஜுலு ஐயாவுக்கு வௌவால் என்றாலே ஆகாது. காலையில் மரத்தடியில் கடிபட்ட பழங்களைப் பார்த்துவிட்டு வெடி போடுவார், தகரம் தட்டச் சொல்வார். ஒருநாள் செல்போனில் ஒரு படம் பார்த்தார். இமாசலத்தில் ஒரு ஆப்பிள் தோட்டம், மலைச் சரிவு முழுக்க வெள்ளை வலை. மறுவாரமே சப்போட்டா மரங்களுக்கு வலை வந்து இறங்கியது.

“ஆப்பிள்காரன் என்ன கிறுக்கனா? வவ்வாலுக்குப் பயந்துதான இத்தன வலை கட்டிருக்கான்” என்றாராம்.

அக்கா எனக்குப் போன் செய்து விசாரிக்கச் சொன்னாள். தேடிப் பார்த்தேன். அது ஆலங்கட்டி மழைக்காகக் கட்டிய வலை. அவளிடம் சொன்னபோது சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. ஆனால் ஐயாவிடம் அதைச் சொல்லிக் காட்டவில்லை. “பெரிய மனுசன், நாலு பேருக்கு முன்னால வேண்டாம் கண்ணு” என்றாள்.

அதற்குப் பதிலாக ஒரு வேலை செய்தாள். தினமும் விடிந்ததும் கீழே கிடக்கும் பழங்களைச் சாக்கில் பொறுக்கி வந்து மோட்டார் ரூம் தரையில் பரப்பி எண்ணுவாள். கிளி கொத்தியது கல் மாதிரி காயாக இருக்கும். ஒரு கடி, அவ்வளவுதான், போட்டுவிடும். அணில் குடைந்து வைக்கும். வௌவால் தின்ற இடத்தில் சாறு உறிஞ்சித் துப்பிய சக்கை உருண்டையாகக் கிடக்கும். பக்கத்தில் அரைப் பழம் குழைந்து கிடக்கும். ஒரு மாதம் எண்ணிய பிறகு ஐயாவைக் கூப்பிட்டாள். அன்று நானும் அங்கே இருந்தேன்.

“ஏனுங்க ஐயா, இத அமுக்கிப் பாருங்க. மார்க்கெட்டுக்குப் போற சரக்குங்களா இது?”

“கொழகொழன்னு இருக்குது. எப்படிப் போகும்?”

“நம்ம பறிக்கிறது காயிலங்க. நகத்துல கீறிப் பாத்து, பச்சை போயிருந்தாப் பறிச்சுப்போடுவோம். இது மரத்துலயே பழுத்துப் போனது. அப்படின்னா நாங்க பாக்காம உட்டதுங்க. வவ்வால வையறதுக்கு முன்னால எங்களத்தான் வையோணும்.”

“உங்களையும் சேர்த்துத்தான் வையப் போறேன்” என்றார் ஐயா. ஆனால் குனிந்து இன்னொரு பழத்தையும் அமுக்கிப் பார்த்தார்.

ஆப்பிளைப் பழுக்க விட்டுப் பறிப்பார்களாம், அங்கே வௌவால் வந்தால் நஷ்டம்தான் என்று அக்காவே ஒத்துக்கொண்டாள். வீட்டோரம் இருந்த எட்டுக் கொய்யா மரங்களில் கட்டியிருந்த வலையை மட்டும் எடுக்க விடவில்லை. “கொய்யாவுல அது திருடன்தானுங்க. சப்போட்டாவுல திருடன் கிடையாது, நம்ம உட்டதப் பொறுக்கிட்டுப் போகுது.” சப்போட்டா வலைகள் அந்த வருடமே சுருட்டி மூலையில் போடப்பட்டன.

அதற்கும் மேலே அவள் ஒன்று கண்டுபிடித்தாள். எந்த மரத்தடியில் சக்கை கிடக்கிறதோ அந்த மரத்தில் காய்கள் முற்றிவிட்டன என்று அர்த்தம். மேலே ஒன்றிரண்டு பழுத்திருந்தால் மற்றவையும் தயாராக இருக்கும். எனவே காலையில் ஒரு டப்பாவில் சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக நடப்பாள். சக்கை கிடக்கும் மரத்தில் ஒரு கோடு. அன்றைக்கு அந்த மரத்தில்தான் ஏணி. மரம் மரமாக ஏறி நகத்தால் கீறிப் பார்க்கும் வேலை பாதியாகக் குறைந்தது. “ராத்திரி ஷிப்ட்டு ஆளுங்க பாத்து வெச்சுட்டுப் போயிருக்காங்க, நம்ம பகல் ஷிப்ட்டு” என்று அவளுடைய ஆட்களில் ஒருத்தியான சாயிரா பானு கிண்டல் செய்வாள்.

இந்தப் பெருமைதான் ஆஸ்பத்திரியில் வினையாயிற்று.

போன வாரம் காய்ச்சலோடு கோவைக்குக் கூட்டி வந்தோம். கேரளத்தில் வௌவாலிடமிருந்து பரவும் நிபா காய்ச்சல் என்று செய்தி வந்துகொண்டிருந்த நேரம். கண்கள் சிவந்து, நினைவு கொஞ்சம் தடுமாறியிருந்தது. டாக்டர் என்ன வேலை என்று கேட்டார். பழத் தோட்டம் என்றாள். வௌவால் கடித்த பழத்தைத் தொட்டதுண்டா என்று கேட்டார். வேறு யாராக இருந்தாலும் ‘இல்லை’ என்று சொல்லித் தப்பித்திருப்பார்கள். அக்கா எழுந்து உட்காரப் பார்த்தாள்.

“தினோம் எண்ணுவேனுங்க டாக்டர். ஒண்ணு உடாம.”

டாக்டர் பேனாவை மூடிவிட்டு முகக்கவசத்தைச் சரி செய்துகொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் அக்காவைப் பார்த்தேன். ரத்த மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். திங்கட்கிழமை விடியற்காலை போய்விட்டாள். மூடிய பெட்டியில் கல்லறைக்குக் கொண்டு போனார்கள். பங்குச் சாமியார் இருபதடி தள்ளி நின்று ஜெபம் சொன்னார். மாமா, நான், அக்காவோடு வேலை செய்த நான்கு பெண்கள், எல்லோரும் ரிசல்ட் வரும்வரை அவரவர் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று சுகாதாரத் துறையினர் சொல்லிவிட்டார்கள்.

ஊர்க்காரர்கள் வரதராஜுலு ஐயாவின் வாசலில் கூடினார்கள். மரத்தை அறுத்துப் போடாமல் பிள்ளைகளை அந்த வழியாகப் பள்ளிக்கு அனுப்ப மாட்டோம் என்றார்கள். “ரிசல்ட்டு வரட்டும். அதுதான்னு வந்துச்சுன்னா வெள்ளிக்கிழமை காலையில மரம் இருக்காது” என்று ஐயா வாக்குக் கொடுத்தார். மரம் அறுக்கும் ஆளுக்கும் சொல்லி வைத்துவிட்டார்.

அந்த மூன்று நாளும் மரத்தைப் பற்றி மட்டும் நான் நினைக்கவில்லை. அக்கா ஆறு வருடம் சொல்லி வந்தது தப்பு என்று ஆகிவிடுமே என்று பயந்தேன். அவள் நம்பியதே அவளைக் கொன்றது என்று ஊர் பேசும். அவளோடு நடந்த நான்கு பெண்களுக்கும் அதுவே தலையெழுத்தாகும். செத்தவளுக்குப் பதில் சொல்ல வாய் இல்லை.

சனிக்கிழமை காலை கருமத்தம்பட்டிக்குப் போனேன். வீடு நிறைய ஆட்கள். பயந்து விலகி நின்றவர்கள் எல்லாம் வெட்கத்தோடு உள்ளே வந்து உட்கார்ந்திருந்தார்கள். சாயிரா பானு மாமாவுக்குத் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அவளோடு பறிக்கும் ராமாமணி, “நாலு நாளு ஊட்டுக்குள்ளயே கெடந்து நாலு கிலோ ஏறிப்போட்டேன். இனி ஏணி தாங்காது” என்றாள்.

“முன்னாடி மட்டும் தாங்குச்சாக்கும்?” என்றாள் சாயிரா பானு. மாமா சிரித்துவிட்டார். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

வரதராஜுலு ஐயா வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். எலிக்காய்ச்சல் என்பது எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் கால் வைத்து வேலை செய்கிறவர்களுக்கு வருவது என்று டாக்டர் சொல்லியிருந்தார். போன மாதம் வாய்க்கால் உடைந்து தோட்டத்தில் தேங்கிய தண்ணீரில் அக்கா வெறுங்காலோடு நடந்தது அவருக்கும் தெரியும்.

“அறுக்கற ஆள வர வேண்டாம்னு சொல்லிட்டேன் அம்மணி” என்றார் என்னிடம். “அஞ்சு பேருக்கும் ரப்பர் செருப்பு, பூட்ஸு, எல்லாம் வாங்கிட்டேன்.” பிறகு நிறுத்தினார். “நாலு பேருக்கு.”

மதியம் சாயிரா பானுவோடும் ராமாமணியோடும் தோட்டத்துக்குப் போனேன். தூங்குமூஞ்சி மரத்தில் வௌவால்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தன. கீழே நின்று வெகு நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். நெஞ்சு லேசாக இருந்தது.

அக்கா கோடு போட்டிருந்த மரங்களைப் பார்த்து இரண்டு பேரும் ஏணியைச் சாய்த்தார்கள். காய்ச்சல் வந்த அன்று காலையில் போட்ட கோடுகள் இன்னும் வெள்ளையாகவே இருந்தன. பதினோராம் வரிசைக்கு வந்தபோதுதான் அவள் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தாளாம். சுண்ணாம்பு டப்பா அங்கேயே இருந்தது. கோடு இழுக்கும் மட்டை உள்ளே ஒட்டிக் காய்ந்திருந்தது. அந்த வரிசையில் கடைசி மூன்று மரங்களின் அடியிலும் சக்கை கிடந்தது. மூன்றிலும் கோடு இல்லை.