அத்தை சொல்லிக்கொண்டே இருந்த பதில்

இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள். ஒன்றில் மாமா தனக்கு ஊற்றிக்கொள்வார். இன்னொன்றை அத்தையின் கையில் கொடுத்து, அது காலியாகும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, முந்தானையால் வாயை அழுத்தித் துடைப்பாள். பள்ளி விடுமுறைக்கு நேமத்தான்பட்டிக்குப் போயிருந்த நான் அதை ஏதோ கஷாயம் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அத்தை அழுதுகொண்டே சிரிக்க ஆரம்பித்ததும் எனக்குப் பயமாகிவிட்டது.

அத்தை என் அப்பாவின் ஒரே தங்கை. நாங்கள் தச்சுவேலைக் குடும்பம். காரைக்குடியில் அப்பாவுக்குச் சின்னப் பட்டறை இருந்தது. மாமாவும் அந்தத் தொழிலில் தொடங்கியவர்தான். பிறகு, இடிக்கப்படும் பெரிய வீடுகளின் நிலைகளையும் தூண்களையும் மொத்தமாக வாங்கி வெளியூர்க்காரர்களுக்கு விற்கும் வியாபாரத்துக்குப் போய்விட்டார். வெள்ளை வேட்டி, விரலில் மோதிரம், கோயில் திருவிழாவில் முன்வரிசை. குடித்துவிட்டுத் தெருவில் விழுகிற ஆள் அல்ல. வீட்டுக்குள் உட்கார்ந்து நிதானமாகக் குடிப்பார், நிதானமாக அடிப்பார். ஒருமுறை அத்தை கன்னம் வீங்கி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அப்பா போய்ச் சண்டை போட்டார். அதற்குப் பிறகுதான் இரண்டாவது டம்ளர் வந்தது.

“நீயும் குடிச்சுப்புட்டா, நாளைக்கு ஒங்கண்ணன்கிட்ட எந்த வாயால போயிச் சொல்லுவ?” என்று மாமா சிரித்துக்கொண்டே கேட்டதை, பல வருஷம் கழித்து அத்தையே என்னிடம் சொன்னாள். கொஞ்ச காலத்திலேயே பொழுது எப்போது சாயும் என்று அவளே காத்திருக்கத் தொடங்கிவிட்டாள். குடிக்காவிட்டால் கை நடுங்கியது. குடித்தால் அடி வலிக்கவில்லை. பிள்ளை உண்டானபோது நிறுத்தப் பார்த்தாள். “வயித்துல புள்ள இருக்குங்க, விட்டுருங்க” என்று கெஞ்சியிருக்கிறாள். “ஒண்ணும் ஆகாது, குடி. புள்ள செவப்பாப் பொறக்கும்” என்றாராம் மாமா. அவர் ஊரில் இல்லாத நாட்களிலும் அத்தை குடித்தாள். அதையும் அவள் மறைக்கவில்லை. “அவுக ஊத்துனது பாதி, நானா ஊத்திக்கிட்டது பாதி” என்பாள்.

பிறந்தது பெண். சிவப்பாக இல்லை, எடையும் இல்லை. மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே எல்லோருக்கும் இருக்கும் பள்ளம் அவளுக்கு இழைப்புளி போட்டு இழைத்ததுபோல மட்டமாக இருந்தது. மேலுதடு ஒரு கோடு, கண்கள் இரண்டு சிறிய கீறல்கள். நடக்கவும் பேசவும் நாளாயின. நேற்றுப் படித்த எழுத்து இன்று அவளிடம் இருக்காது. அடுப்பில் சுட்டுக்கொண்ட விரலோடு மறுநாளும் அதே அடுப்பைத் தொடுவாள். ஆனால் தெரு நாய்கள் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்திருந்தாள், ஒன்றின் பெயரைக்கூட மாற்றிக் கூப்பிட்டதில்லை. சிரித்த முகத்தோடு யார் வந்தாலும் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே போய்விடுவாள்.

பள்ளியில் இனி வைத்துக்கொள்ள முடியாது என்று சொன்ன பிறகு மதுரைக்குக் கூட்டிப்போனோம். அப்பாவோடு நானும் போயிருந்தேன். குழந்தையின் முகத்தை நெடுநேரம் பார்த்த டாக்டர், குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். “மாசமா இருந்தப்ப குடிப்பழக்கம் ஏதும் இருந்துச்சாம்மா?”

அத்தை வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். “குடிப்பா டாக்டர். நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன்.”

அத்தை திரும்பி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை, வியப்புதான் இருந்தது. கருவிலேயே மூளைக்கு நேர்ந்த சேதம் இது, மருந்தால் மாறாது, பொறுமையாகப் பழக்கினால் கொஞ்சம் தேறுவாள், அடிக்காதீர்கள் என்றார் டாக்டர். பிறகு, “வீட்டுல வேற யாரு குடிக்கிறாங்க?” என்று கேட்டார். அதற்குள் மாமா போனைக் காதில் வைத்தபடி வெளியே போயிருந்தார்.

டாக்டரின் கேள்வியை மாமா ஊருக்குள் தீர்ப்பாகக் கொண்டுவந்தார். “குடிகாரப் பொம்பளையோட எப்பிடிங்க குடும்பம் நடத்துறது?” என்று பெரியவர்கள் முன் அவர் கண் கலங்கியபோது, அவர் வாயை முகர்ந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சிங்கம்புணரியில் வேறு பெண் பார்த்துக் கட்டிவைத்தார்கள். அத்தை தன் மகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அரசு மருத்துவமனையில் கிடந்து உடம்பெல்லாம் உதறி, அந்தப் பழக்கத்தை விட்டாள். அதன் பிறகு ஒரு சொட்டுத் தொடவில்லை. ஆனாலும் கல்யாண வீடுகளில் அவள் பக்கத்து இலை காலியாகவே இருக்கும்.

அப்படி ஒரு கல்யாணத்தில்தான் யாரோ ஒரு பெண், வயசுக்கு வந்திருந்த அத்தை மகளிடம் சொல்லிவிட்டாள். “ஒன்னய இப்பிடி ஆக்குனதே ஒங்கம்மாதான்டி. குடிச்சுக் குடிச்சே பெத்தா.”

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள். “அம்மா, நீயா என்னய இப்பிடி ஆக்குன?”

“ஆமாத்தா, நாந்தான்.”

அழுதாள். அம்மாவின் மடியிலேயே தூங்கிப்போனாள். மறுநாள் முதல்முறை கேட்பவள்போல அதே கேள்வியைக் கேட்டாள். அத்தையும் முதல்முறை சொல்பவள்போல அதே பதிலைச் சொன்னாள். வருஷக்கணக்காக இது நடந்தது. சில நாள் அம்மாவை அடித்தாள், சில நாள் அம்மாவின் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. “மாமாதான் ஊத்துனாகன்னு சொல்ல வேண்டியதுதான அத்தை?”

“ஆத்தாளும் ஆகாது அப்பனும் ஆகாதுன்னு ஆயிட்டா அது யாருகிட்டப் போகும்? ஒருத்தராச்சும் அதுக்கு நல்லவகளா இருக்கட்டும்.”

கல்லீரல் கெட்டுப்போய்த்தான் அத்தை இறந்தாள். மாமா மாலையோடு வந்தார். அவரைக் கண்டதும் மகள் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்பா, நானும் ஒங்க கூட வரட்டா?” என்றாள். அவர் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு என் அப்பாவைப் பார்த்தார். “இத நீங்களே வச்சுக்கங்க” என்றார்.

இப்போது அவள், மாமன் மகளான என்னோடு இருக்கிறாள். காலையில் பல் துலக்க வேண்டும் என்பதை இன்னும் தினமும் சொல்லித்தான் செய்யவைக்கிறேன். போன மாதம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, “அம்மா ஏன் மதினி குடிச்சுச்சு?” என்று கேட்டாள். அத்தை இல்லை; இனி யாருக்காக மறைப்பது என்று தோன்றியது. “ஒங்கப்பாதான் ஊத்திக் குடுத்தாரு. குடிக்கலைன்னா அடிச்சாரு” என்றேன்.

அவள் மடித்த துணியைக் கீழே வைத்தாள். அந்தச் சிறிய கண்களில் அப்படியொரு கோபத்தை நான் பார்த்ததே இல்லை.

“பொய் சொல்லாதீக மதினி. நாந்தான்னு அம்மாவே சொல்லுச்சு.”

எந்தப் பாடமும் மறுநாள்வரை தங்காத அவளிடம், அத்தை தினந்தினம் சொன்ன அந்த ஒன்று மட்டும் தங்கிவிட்டது.