எத்மேயின் மணிக்கட்டுக்கு

ஏரிக்கரைப் பள்ளத்தாக்கில் இருந்த லெ சோலியா ஊரில் ஜெதேயோன் காப் என்ற பால்காரரை அறியாத மாடு கிடையாது. காலையும் மாலையும் பண்ணை பண்ணையாகப் பால் சேர்த்து, குளிர்காலத்தில் குதிரைச் சறுக்குவண்டியில் ஏற்றி, பாலாடைக்கட்டிக் கூடத்தில் இறக்குவது அவருடைய பிழைப்பு. அந்தப் பள்ளத்தாக்கில் சன்னலோரம் கடிகாரவேலை மேசை இல்லாத வீடு அரிது. அவர் வீட்டிலும் ஒன்று இருந்தது; ஆனால் அது மனைவி எத்மேயுடையது. பால்கேன் தூக்கித் தடித்துப்போன அவருடைய விரல்களை அவள் அதன் பக்கம் அண்டவிட்டதில்லை.

எத்மே கடிகாரத் தொழிற்சாலையில் விளிம்பு தீட்டுபவள். இரண்டே முட்கள், நாணயத்தைவிடச் சற்றே தடித்த உடல், பாரிசுச் சீமான்கள் சட்டைக் கைக்குள் மறைத்துக் கட்டும் கடிகாரம்தான் அங்கே செய்வது. அதன் உள்ளே சக்கரங்களைப் பிடித்திருக்கும் தகடுகளின் விளிம்புகளைச் சரித்து, ஜென்ஷியன் என்ற மலைச்செடியின் காய்ந்த தண்டில் மெருகுப் பசையைத் தொட்டுத் தேய்த்து, உள்மூலைகள் கத்திமுனைபோல் மின்னும்வரை விடமாட்டாள். இளமை முழுவதும் அதற்கே போயிற்று. ஒருநாளும் அதைத் தன் கையில் கட்டிப் பார்த்ததில்லை.

நுரையீரல் நோய் முற்றி அவள் படுக்கையில் விழுந்தபோது, ஏரியின் பனிக்கட்டி உடையும்வரை தாங்கினால் பெரிது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அன்று மாலை ஜெதேயோன் கட்டிலருகே வந்து நின்றார்.

“அந்தக் கடிகாரத்த நான் செய்யப் போறேன். உனக்கு.”

எத்மே சிரித்ததில் இருமல் பிடித்துக்கொண்டது. “பால்காரரே, அதுல மடி இருக்காது. எதைப் புடிச்சுக் கறப்பீங்க?”

ஆனாலும் காகிதம் கேட்டாள். தலையணையில் சாய்ந்தபடியே ஒவ்வொரு தகட்டின் வடிவத்தையும் நினைவிலிருந்து வரைந்து கொடுத்தாள். சுருள்வில்லையும் சிவப்புக்கல் தாங்கிகளையும் அவர் விலைக்கு வாங்கினார். மற்றவற்றைப் பித்தளையிலும் எஃகிலும் தாமே அறுத்தார், அராவினார், கடைந்தார். கெட்டுப்போனவை ஒரு பால்கேனின் அடியை நிரப்பின. திருமணத்துக்கு வந்த வெள்ளிக் கரண்டிகளை உருக்கிக் கூடு செய்தார். பிறகு இருவரும் மரக்கரண்டியால் சூப் குடித்தார்கள்.

மேல்தகட்டை முடித்து அவளிடம் கொடுத்தபோது, அவள் லென்சைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

“இந்த மூலை என்ன, வெண்ணெய வழிச்சு வெச்ச மாதிரி இருக்கு?”

“அது மூடிக்கு உள்ள போயிடும் எத்மே. யாரு பாக்கப் போறா?”

“நான் பாத்துட்டேனே.”

அவர் புதிய பித்தளையை எடுத்தார். சன்னலுக்கு வெளியே ஏரியின் பனிக்கட்டி முனகத் தொடங்கியிருந்தது. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவருடைய அரம் விரைந்தது. விரைந்தால் மூலை மழுங்கியது. எத்மேக்கு லென்சைப் பிடிக்கும் வலிமை போனபின், அவரே அதை அவள் கண்ணருகே பிடித்தார். நான்காம் முறை செய்த தகட்டில் அவள் குறை காணவில்லை. கண்ணை மூடித் சரி என்று தலையசைத்தாள்.

ஒரு நண்பகலில் கடிகாரம் உயிர்பெற்றது. மயிரிழைச் சுருள் விரிந்து சுருங்க, அதன் சிறு சக்கரம் முன்னும் பின்னும் ஆடத் தொடங்கியது. ஜெதேயோன் அறைக்கு ஓடினார்.

“ஓடுது! இரு, கொண்டாந்து காதுல வெக்கறேன்.”

“வேண்டாம். தூக்கிட்டு அலைஞ்சா தூசி விழும்,” என்றாள் எத்மே. மூச்சுக்கு மூச்சு நிறுத்திப் பேசினாள். “ஒருநாள் திறந்தபடியே ஓடட்டும். அதுதான் முறை. நாளைக்கு மூடிக் கையில கட்டுங்க. அப்பக் கேட்டுக்கறேன்.”

தொழிற்சாலையின் முறை அது. அவருக்கு மீறத் தோன்றவில்லை. கடிகாரத்தைக் கண்ணாடிக் கிண்ணத்தால் கவிழ்த்து மூடினார். எத்மேயின் அக்காள் லூசெட்டைத் துணைக்கு அமர்த்திவிட்டு, மாலைப் பாலுக்கு வண்டி பூட்டினார். மடி கனத்த மாடுகள் காத்திருக்க மாட்டா.

திரும்பி வந்தவர் வீட்டுக் கூடத்தில் கால்வைத்ததும் நின்றுவிட்டார். பெரிய சுவர்க் கடிகாரம் ஓடவில்லை. சாவு விழுந்த வீட்டில் கடிகாரங்களை நிறுத்திவைக்கும் அந்தப் பள்ளத்தாக்கில் அதன் பொருளை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

லூசெட் சமையலறையிலிருந்து வந்தாள். “தூங்கற மாதிரிதான் போனா, ஜெதேயோன். கஷ்டப்படல.” இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “வீட்டுல இருக்கறது எல்லாத்தையும் நிறுத்திட்டேன். அலாரத்தைக்கூட. உன் மேசை மேல ஒண்ணு டிக் டிக்னு அடிச்சிட்டே இருந்துச்சு, அதையும் விரல வெச்சு நிறுத்திட்டேன். ஒண்ணு ஓடிட்டிருந்தாலும் ஆகாதில்ல?”

அவர் மேசைக்குச் சென்றார். கண்ணாடிக் கிண்ணம் அருகில் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. சிறு சக்கரம் ஒருபுறம் சாய்ந்து கிடந்தது. முடியினும் மெல்லிய அச்சுமுனை விரலின் கனத்தில் ஒடிந்திருந்தது.

“அவ காதுல இது ஓடின சத்தம் விழுந்திருக்குமா?” என்று திரும்பாமலே கேட்டார்.

“எப்படி விழும்? குளிர்காத்து வருதுன்னு அறைக் கதவச் சாத்தி வெச்சிருந்தேன்.”

ஜெதேயோன் சாய்ந்த சக்கரத்தோடு கடிகாரத்தை வெள்ளிக் கூட்டுக்குள் வைத்து மூடினார். எத்மேயின் மணிக்கட்டில் கட்டியபோது வார் தளர்ந்து முழங்கைவரை வழுக்கியது. கழற்றி, ஊசியால் இன்னொரு துளையிட்டுக் கட்டினார்.

அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும், வழக்கப்படி லூசெட் சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து ஓடவிட்டாள்.

“அவ கையில இருந்தத நீ எடுத்து வெச்சிருக்கலாம். எவ்வளவு பாடுபட்டுச் செஞ்ச! சாவி குடுத்திருந்தா இந்நேரம் ஓடியிருக்குமே?”

ஜெதேயோன் அவளுடைய ஆள்காட்டி விரலைப் பார்த்தார். அறுபது ஆண்டு துணி துவைத்து வெளிறிய, ஒரு பாவமும் அறியாத விரல்.

“ஓடியிருக்கும், லூசெட்,” என்றார். “உக்காரு, சூப் ஆறுது.”

பிறகு பால்கேன்களைக் கழுவப் போனார்.