மேல் வகுப்பில் எழுத்தறியாதவள்

நகரப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். காலை முறை முடிந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் கல்லூரிக்கு ஓடி, ஆறு வருஷமாக ஆங்கில இலக்கியம் படித்தாள். பணிமனையில் அவளை ‘புரொபசர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கிண்டல்தான். அவள் கூப்பிட்ட குரலுக்கு நிமிர்ந்தே திரும்புவாள்.

பட்டத்துக்கு எல்லாப் பாடமும் தேறியாயிற்று. பாக்கி ஒன்றே ஒன்று. ஆங்கிலம் படிப்பவர்கள் இன்னொரு மொழியிலும் தேற வேண்டும் என்பது கல்லூரியின் நிபந்தனை. வீட்டில் வேறு மொழி பேசுகிறவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை: வாய்மொழித் தேர்வில் பேசிக் காட்டினால் போதும், பாடம் முடிந்ததாகக் குறித்துக்கொள்வார்கள்.

அவள் வீட்டில் அம்மாவின் மொழிதான். சண்டையும் அதில்தான், சமாதானமும் அதில்தான். ஆனால் அதில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. பிழைப்புக்காக இடம்பெயர்ந்து வந்த குடும்பம். அம்மா பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவள். மகள் போன பள்ளியிலோ அந்த மொழியே கிடையாது. போன வருஷம் அந்த மொழிக்காரர்களின் சங்கத்தில் ஓர் அறிவிப்பின் முன் தாயும் மகளும் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றார்கள். கூட வந்த பக்கத்து வீட்டுக்காரி வாசித்துச் சொல்லிவிட்டு, “பெரிய இலக்கியம் படிக்கிற, இதப் படிக்க வரலையா?” என்று சிரித்தாள். அது சுருக்கென்று தைத்தது. சலுகையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், ஆரம்ப வகுப்பில் உட்கார்ந்து எழுத்துப் படிப்பது என்று அன்றே தீர்மானித்துவிட்டாள்.

கல்லூரி அலுவலகத்து அம்மாள் நல்லவர்தான். “ஆரம்ப வகுப்பு மொழியே தெரியாதவங்களுக்கும்மா. வீட்டுல பேசுறவங்களச் சேக்கக் கூடாதுன்னு விதி. பேசாம சலுகைய வாங்கிக்கிட்டுப் பட்டத்தோட போங்க.”

“எழுத்தே தெரியாதவளுக்குத் தெரியும்னு எழுதிக் குடுப்பீங்களா?”

அம்மாள் குரலைத் தாழ்த்தினார். “அப்போ ஒண்ணு செய்யுங்க. வகுப்பு எதுன்னு முடிவு பண்றதும் அதே வாய்மொழித் தேர்வுதான். அதுல என்ன கேட்டாலும் புரியாத மாதிரி முழிங்க. ஆரம்ப வகுப்புல தானா போட்டுடுவாங்க. எல்லாரும் செய்யுறதுதான்.”

வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கும் அதுதான் சரியாகப் பட்டது. “பத்து நிமிஷம் முழிச்சா என்னடி கொறஞ்சிடுவ?”

“ஒன்னையே யாருன்னு தெரியாதுன்னு சொல்ற மாதிரிம்மா அது.”

“சொல்லிட்டுப் போ. நான் வீட்டுலதான இருப்பேன், அப்புறம் வந்து தெரியும்னு சொல்லிக்க.”

அவள் சிரித்தாள். ஆனால் அசையவில்லை. தேர்வில் வானிலை எப்படி என்று கேட்டதற்கு மழையில் ஆரம்பித்து, பேருந்தின் ஒழுகும் கூரைக்கு வந்து, பணிமனை மேலாளரை அம்மாவின் வசவுகள் அத்தனையாலும் திட்டித் தீர்த்தாள். தேர்வாளர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே முழு மதிப்பெண் போட்டார். அதற்குமேல் அவளுக்குத் திறந்திருந்தது ஒரே வகுப்பு, மேல் வகுப்பு. அதில் சேரப் பேர் கொடுத்தாள்.

“அதுல சேந்துட்டா சலுகை போயிடும். தோத்தா பட்டமும் இல்ல,” என்றார் அலுவலகத்து அம்மாள்.

“தெரியும்.”

முதல் நாள் ஆளுக்கொரு பத்தியாக வாசிக்கச் சொன்னார் ஆசிரியர். அவள் முறை வந்தது. “எனக்கு இதுல ஒரு எழுத்தும் தெரியாது சார்,” என்று அந்த மொழியிலேயே சொன்னாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. வேடிக்கை செய்கிறாள் என்று நினைத்தார்கள். ஆசிரியருக்குப் புரிந்துவிட்டது.

“இங்க எழுத்துச் சொல்லிக் குடுக்க எனக்கு நேரமில்ல. பரீட்சையில முட்டைதான் வரும்.”

“போடுங்க சார். அதாச்சும் நெசமான மார்க்கா இருக்கும்.”

முட்டைதான் வந்தது. கூடப் படித்தவர்கள் பட்டம் வாங்கிய நாளில் அவள் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள். வயிறு எரிந்தது, இல்லை என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் நிறுத்தங்களில் வண்டி நிற்கும்போதெல்லாம் குழந்தைகளுக்கான அரிச்சுவடியை மடியிலிருந்து எடுத்துப் புரட்டினாள். பயணிகள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டாள்.

அடுத்த வருஷம் அதே வகுப்பு, அதே ஆசிரியர். இந்த முறை அவளை வாசிக்கச் சொல்லாமல் தாண்டிப் போகப் பார்த்தார். அவள் எழுந்து நின்றாள். வரியின் கீழே விரலை வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசிக்க ஆரம்பித்தாள். ஒரு வார்த்தையில் முட்டிக்கொண்டு நின்றாள், திரும்பவும் முதலிலிருந்து பிடித்தாள். பின்னால் யாரோ கொட்டாவி விட்டார்கள். பாதிப் பத்தியில் மணி அடித்தது. நாற்காலிகள் நகர்ந்தன, பைகள் தோளுக்கு ஏறின.

அவள் விரலை எடுக்காமல் தலையை மட்டும் நிமிர்த்தினாள்.

“உக்காருங்க. இன்னும் அஞ்சு வரி இருக்கு.”