தபால்ல வந்த குதிரைப் படிப்பு

மத்த ஊர்ல குதிரைமேல மாப்பிள்ளை போவார், எங்க ஜவ்வாது மலையில புளிமூட்டை போகும்; அந்த மூட்டைக்குப் பின்னாடி நடந்து பிழைச்சவ நான். ஏழு கழுதை வயசானப்புறம் புஸ்தகத்தைத் தூக்கி, வூட்லயும் வெளியிலயும் வாங்கிக் கட்டிக்கிட்டவங்க யாராவது இருந்தா பக்கத்துல வந்து உக்காருங்க. நம்ம கதைதான்.

எமர்ஜென்சி முடிஞ்ச புதுசு. பஸ் ஜமுனாமரத்தூரோட நின்னுடும். அதுக்கு அப்பால இருக்கிற ஊருங்களுக்கு ரேஷன் அரிசியும் மண்ணெண்ணெயும் என் ரெண்டு குதிரைமேலதான் போச்சு. வூட்டுக்காரர் இருந்த வரைக்கும் அவர் ஓட்டினார், அவர் போனப்புறம் நான். அப்படி ஓட்டிட்டிருந்தவளைக் கூப்பிட்டு, சாமான் அனுப்புற ஆபீசுக்குப் புதுசா வந்த ஆபீசர் சொல்றார், இனிமே குதிரை பராமரிக்கத் தெரியும்னு சர்டிபிகேட் காட்டினாத்தான் வேலையாம். இல்லன்னா வேற ஆளாம். வயிறு எரியுமா எரியாதா? நான் எட்டாவது வரைக்கும் படிச்சவ. அந்த ஆத்திரத்துலதான் பட்டணத்துல இருந்த ஒரு அஞ்சல் வழிப் பள்ளிக்கு எழுதிப் போட்டேன்.

தையல் இருக்கே

விவரப் புத்தகம் வந்துச்சு. தையல், கோழி வளர்ப்பு, தேனீ வளர்ப்பு, கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல குதிரைப் பராமரிப்பு. போஸ்ட்மாஸ்டர் எனக்கு முன்னாடியே அதைப் பிரிச்சுப் படிச்சு, எனக்காகத் தையலைத் தேர்ந்தெடுத்தும் வெச்சிருந்தார். அவர் சம்சாரத்துக்கு ஜாக்கெட் தைக்க மலையில ஆள் இல்லையாம். எங்க அண்ணன் கோழின்னான், முட்டையாவது மிஞ்சுமாம். குதிரை வெச்சிருக்கிறவ குதிரையைப் படிச்சா இன்னா தப்புன்னு கேட்டேன். போஸ்ட்மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழட்டிட்டுச் சொன்னார்:

"குதிரைதான் உங்கிட்ட ஏற்கெனவே இருக்கே, அதைப் போய் எதுக்கும்மா படிக்கணும்? இல்லாததைப் படி."

பாடத்துல இல்லாத புண்ணு

முதல் பாடம் வந்துச்சு. அத்தனையும் பந்தயக் குதிரை. குதிரைக்கு மின்விசிறி போடணுமாம், படுக்க வைக்கோல் மெத்தை போடணுமாம், லாயத்து வேலைக்காரனைக் கூப்பிட்டு தினமும் மாலிஷ் பண்ணச் சொல்லணுமாம். என் வூட்ல எனக்கே விசிறி கிடையாது. லாயத்து வேலைக்காரனும் நான்தான், முதலாளியும் நான்தான்.

என் ரெண்டு குதிரையில ஒண்ணு ராணி, அதுக்கு மூட்டை உரசி உரசி முதுகெல்லாம் புண்ணு. அதுக்கு இன்னா பண்றதுன்னு தெரிஞ்சிக்கத்தான் நிஜமாவே படிக்க ஆசைப்பட்டேன். சர்டிபிகேட் ஆபீசருக்கு, அந்தப் பதில் எனக்கு. பொறுமையா விவரம் எழுதிக் கேட்டேன். அவங்க எழுதினது இது:

"பந்தயக் குதிரைகள் மூட்டை சுமப்பதில்லை. எனவே தாங்கள் குறிப்பிடும் புண் பாடத்திட்டத்தில் இல்லை."

அனுபவசாலி தேவை

புண்ணை, மூட்டைக்கு அடியில பழைய கம்பளியை மடிச்சுப் போட்டு நானே ஆத்திட்டேன். அதுக்குள்ள பாடமெல்லாம் எழுதி அனுப்பி மார்க்கும் வந்தாச்சு. கடைசியில செய்முறை. அனுபவம் உள்ள குதிரைக்காரர் ஒருத்தர்கிட்ட கத்துக்கிட்டு, அவர் கையெழுத்து வாங்கி அனுப்பணும். எங்க சுத்துவட்டாரத்துல குதிரை வெச்சிருக்கிறது நான் ஒருத்திதான். மத்தவங்ககிட்ட மாடும் கழுதையும்தான். அதனால நானே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். திருப்பி அனுப்பிட்டாங்க. ஐயா, அந்த அனுபவசாலியே நான்தான்னு விளக்கி எழுதினேன். ராணிக்குக் கொள்ளு வைக்கும்போதுகூட அந்தப் பள்ளிக்கூடத்தைத் திட்டிக்கிட்டேதான் வெச்சேன். பதில் ஒரே வரி:

"அனுபவம் இருக்கும் பட்சத்தில், தாங்கள் இப்படிப்பில் சேர்ந்தது ஏன் என்று விளக்கவும்."

முதலாளி கையெழுத்து

வேற வழியில்லாம, நான் புளி கொண்டுபோய் இறக்குற மண்டி முதலாளிகிட்ட போய் நின்னேன். பெரிய மனுஷர், அவர் கையெழுத்துக்கு ஊர்ல மதிப்பு உண்டு. ஆனா குதிரைன்னா நடுங்குவார். ராணி கனைச்சாலே கல்லாவுக்குப் பின்னாடி போயிடுவார், மூட்டை இறக்குறதையே ஜன்னல் வழியாத்தான் பார்ப்பார். விஷயத்தைச் சொன்னேன். பேனாவை உதறி உதறி அழகா போட்டுக் குடுத்தார். நல்ல மனுஷர்னு கும்பிட்டேன். அதோட விட்டாரா? அடுத்த சந்தையில போறவங்க வர்றவங்களை எல்லாம் நிறுத்தி என்னைக் காட்டினார்:

"இந்தப் பொண்ணு குதிரை கத்துக்கினது எங்கிட்டதான். ஆரம்பத்துல ரொம்ப பயப்பட்டுச்சு."

குருவும் கயிறும்

சர்டிபிகேட் வந்த அன்னிக்கே ராணியை ஓட்டிக்கிட்டு ஆபீசுக்குப் போனேன். ஆபீசர் படிச்சார். அடியில கத்துக்குடுத்தவர்னு போட்டிருந்த முதலாளி பேர்மேல விரலை வெச்சார். கத்துக்குடுத்தவரே உள்ளூர்ல இருக்கும்போது கத்துக்கிட்டவளுக்கு எதுக்கு வேலையைக் குடுக்கணும், அவர் பேருக்கே போட்டுடலாம், நீ அவர்கிட்ட கூலிக்குப் போன்னுட்டார். ஆளை அனுப்பி முதலாளியையும் வரவழைச்சுட்டார். இவர்தான் கத்துக்குடுத்தார்னு சொன்னா வேலை போச்சு. இல்லன்னு சொன்னா சர்டிபிகேட்டும் போச்சு, வேலையும் போச்சு. எந்தப் பக்கம் வாயைத் திறந்தாலும் என் சோத்துலதான் மண்ணு.

முதலாளிக்கு ஆசை வந்துடுச்சு, முகத்துலயே தெரியுது. சரின்னு தலையை ஆட்டப் போனார். எனக்கு வந்த கோவத்தை முழுங்கிக்கிட்டு, ராணியை வாசப்படி வரைக்கும் ஓட்டிட்டு வந்து, கயிறை அவர் முன்னாடி பணிவா நீட்டினேன். மொதல்ல நீங்க பிடிச்சுக் குடுங்க, ராசியா இருக்கும்னு சொன்னேன். ராணி ஒரு தும்மல் போட்டுச்சு. முதலாளி ஆபீசர் நாற்காலிக்குப் பின்னாடி போய் நின்னுக்கிட்டு, மேல்துண்டைச் சரி பண்ணிக்கிட்டுச் சொன்னார்:

"ஐயா, குருவானவரு கயிறு பிடிக்கிறது மரியாதை இல்லீங்க. வேலையை இந்தப் பொண்ணு பேருக்கே போட்டுடுங்க, தப்பு பண்ணா நான் தட்டிக் கேக்குறேன்."

ஆக, வேலை என் பேர்ல, சர்டிபிகேட் என் பேர்ல, கத்துக்குடுத்த பெருமை மட்டும் அவர் பேர்ல. குதிரை லத்தி அள்ளுறதுக்குத்தான் இன்னி வரைக்கும் ஒரு குருவும் வந்து நிக்கல.