சட்டைப் பையில் ஆயிரம் ரூபாய்: திருகோணமலையில் நான் டிப்ஸ் கொடுத்த விதம்

கொழும்புக்கு வேலைக்கு வந்து பதினாறு மாதங்கள் ஆகின்றன. சொந்த ஊர் கோயம்புத்தூர். விசா, வாடகை, பேருந்து எல்லாம் பழகிவிட்டன. டிப்ஸ் மட்டும் பழகவில்லை. இங்குள்ள பல உணவகங்களில் பத்து சதவீத சேவைக் கட்டணம் பில்லிலேயே இருக்கும். முதல் மூன்று மாதங்கள் அதைக் கவனிக்காமல் மேலும் பத்து சதவீதம் வைத்தேன். கவனித்த பிறகு எங்குமே வைப்பதில்லை என்று முடிவெடுத்தேன். சேவைக் கட்டணமே வாங்காத சிறிய கடைகளிலும் வைக்கவில்லை. இரண்டு முறையும் தவறு என் பக்கம்தான்.

ஜூன் மாதம். வெள்ளிக்கிழமை போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை. கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருக்கும் காலம். அலுவலகத்தில் நாள் முழுவதும் ஆங்கிலம். மூன்று நாள் தமிழ் கேட்கும் ஊரில் இருக்கலாம் என்று தோன்றியது. காலை 6.15க்குக் கொழும்பில் குளிரூட்டிய பேருந்து, 2,100 ரூபாய். மதியம் 1.10க்குத் திருகோணமலை. துறைமுகப் பக்கம் ஒரு அறை, இரவுக்கு 4,500. ஜன்னலைத் திறந்தால் கப்பல் தெரியும் என்றார்கள். ஒரு கிரேனின் மேல் பாதி தெரிந்தது. எனக்கு அது போதும்.

சனிக்கிழமை காலை 7.20. துறைமுக வீதிக்குப் பின்னால் ஒரு சாப்பாட்டுக் கடை. பெயர் வேண்டாம். பத்து இடியப்பம், சொதி, சம்பல், சூரை மீன் குழம்பு, பிளேன்டீ. 640 ரூபாய். குழம்பைப் பற்றி எழுத முடியாது. இரண்டாவது முறை கேட்டு வாங்கினேன்.

பரிமாறியவர் நஸீர். முப்பத்தைந்து வயது இருக்கும். மூதூர்க்காரர். கூட்டத்துக்கு நடுவிலும் நின்று பேசினார். வளைகுடாவில், கட்டார் நாட்டில் ஆறு வருடம் உணவகத்தில் வேலை. திரும்பி வந்து இந்தக் கடையில் மூன்று வாரம்.

"மகளுக்கு நாலு வயசு சேர். நான் வீட்ட போனா ஓடிப் போய் போனை எடுத்துப் பாக்குறா. வாப்பா அதுக்குள்ளதானே இருக்கிறவர்" என்று சிரித்தார். "இஞ்ச நிரந்தரமாக்கினா நிப்பன். சரிவராட்டித் திரும்பவும் கட்டார்தான். ஏஜென்சிக்காரன் ரெண்டு தரம் போன் எடுத்துட்டான்."

சல்லி என்ற கடற்கரை ஊருக்குப் போக வேண்டும் என்றேன். வெளியே ஒரு ஓட்டோ 1,500 கேட்டிருந்தது. நஸீர் போன் செய்து ரிஸ்வான் என்பவரை 900க்கு வரவைத்தார். கிளம்பும்போது நான் செய்தது இது: இரண்டு ஐநூறு ரூபாய்த் தாள்களை நான்காக மடித்து, அவர் சட்டைப் பையில் சொருகினேன். அவருடைய இரண்டு கைகளிலும் தட்டுகள். "ஐயோ சேர்" என்றார். நான் தோளில் தட்டிவிட்டு நடந்தேன்.

640 ரூபாய் சாப்பாட்டுக்கு ஏன் ஆயிரம்? ஓட்டோவில் யோசித்தேன். தமிழ் பேசும் ஊர். இங்கே நான் வெளியாள் இல்லை என்று யாருக்கோ காட்ட வேண்டியிருந்தது. அந்த யாரோ அநேகமாக நான்தான்.

நகரத்திலிருந்து வடக்கே, மீட்டரில் 8.2 கிலோமீட்டர். சல்லியில் முத்துமாரியம்மன் கோயிலைத் தாண்டினால் கடல். கருவாடு காயும் வாசனை. மணலில் சைக்கிள்கள். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள், இரண்டு கயிறுகள், ஒவ்வொன்றிலும் ஒரு வரிசை ஆட்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

10.20க்கு ரிஸ்வானின் போன் ஒலித்தது. ஸ்பீக்கரில் போட்டு என்னிடம் நீட்டினார்.

"சேர், நஸீர் கதைக்கிறன். நீங்க எனக்கு எவ்வளவு தந்தீங்க?"

"ஆயிரம்."

"அத இஞ்ச வந்து சொல்ல ஏலுமா? பதினொரு மணிக்குத் தகரம் திறக்கிறாங்க."

எனக்குப் புரியவில்லை. அவர் அவசரமாக விளக்கினார். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பால்மா தகரம், பால் பவுடர் டப்பா, இருக்கிறதாம். யாருக்கு டிப்ஸ் கிடைத்தாலும் அந்த நிமிடமே அதில் போட்டுவிட வேண்டும். சனிக்கிழமை காலைக் கூட்டம் ஓய்ந்ததும் திறந்து, பரிமாறுபவர், சமைப்பவர், பாத்திரம் கழுவுபவர் எல்லோருக்கும் சம பங்கு. நஸீரும் போட்டார். ஆனால் கூட்டம் குறைந்த பிறகு.

"நாப்பது நிமிசம் என்ட பொக்கெட்ல கிடந்திட்டு சேர். பாத்தவங்க ரெண்டு தாள் எண்டாங்க. பிறகு ஒரு கட்டு எண்டாங்க. இப்ப டொலர் எண்டு கதை."

"போனை அவங்ககிட்ட குடுங்க அண்ணா, நானே சொல்றேன்."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "போனில ஆரும் கதைக்கலாம். ரிஸ்வான்ட மச்சானும் கதைப்பான். குடுத்த ஆள் வரட்டும்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

"அது பாக்கியம் அக்கா. குசினி அவவிட கையில, சமையல் முழுக்க அவதான்" என்றார் ரிஸ்வான். நான் இன்னும் மணலிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் கரைவலையைக் காட்டினார்.

"அங்க பாருங்க சேர். அத்தனை பேர் இழுக்கிறாங்க. ஒருத்தன் ரெண்டு மீனை இடுப்புச் சாரத்துக்குள்ள சொருகினா என்ன நடக்கும்?"

"என்ன நடக்கும்?"

"ரெண்டு மீன் போகும். அது பரவால்ல. நாளைக்கு அவனுக்குப் பிடிக்கக் கயிறு இருக்காது. எழும்புங்க, நஸீர் நானா பாவம்." நானா என்றால் அண்ணன்.

இருபத்து மூன்று நிமிடங்கள். வழியில் ஒரு மாடு, ஒரு கல்யாண ஊர்வலம், ஒரு பெற்றோல் வரிசை. ஊர்வலத்தில் யாரோ எங்களுக்கும் கற்கண்டு கொடுத்தார்கள். வாங்கி வாயில் போட்டுக்கொண்டு கவலைப்பட்டேன்.

10.49. கடை காலியாக இருந்தது. கல்லாவில் முதலாளி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "தகரம் அவங்கட. நான் கை வைக்கமாட்டன். ஆனா நஸீரக் குசினி வேணாம் எண்டா எனக்கும் வேணாம்" என்றார். எனக்குச் சொன்னாரா, பேப்பருக்குச் சொன்னாரா தெரியவில்லை.

உள்ளே நீள மேசை. சுற்றிலும் ஒன்பது பேர். தகரம் பாக்கியம் அக்காவின் முன்னால். ஐம்பது வயது, ஈரக் கை, தோளில் துவாய். நஸீர் சுவரோடு நின்றார். அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"நீங்களோ அந்த வெளிநாட்டு ஆள்?" என்றார் அக்கா.

"ஆமாக்கா."

"தமிழெல்லோ கதைக்கிறீங்கள்?"

"கோயம்புத்தூர்."

"அங்கயும் டொலரோ?"

மேசை சிரித்தது. நான் பர்சைத் திறந்து காட்டினேன். நான்கு ஆயிரம் ரூபாய்த் தாள், கொஞ்சம் சில்லறைத் தாள், ஒரு பேருந்துச் சீட்டு, ஒரு பல் டாக்டரின் அட்டை. பாத்திரம் கழுவுபவர் எட்டிப் பார்த்து, "டொலர் எண்டால் பச்சையெல்லோ?" என்று ஏமாற்றத்தோடு கேட்டார்.

"எவ்வளவு குடுத்தனீங்கள்? எப்பிடிக் குடுத்தனீங்கள்?"

"ஆயிரம். ரெண்டு ஐநூறு. ஒண்ணா வச்சு நாலா மடிச்சேன்."

அவர் தகரத்தைக் கவிழ்த்தார். தாள்களுக்கு நடுவே இரண்டு ஐநூறு ஒன்றோடொன்று ஒட்டி, நான்கு மடிப்போடு, அப்படியே கிடந்தன. எடுத்து விரித்தார். மடிப்பை விரலால் நீவினார்.

"ஏன் பொக்கெட்டில வச்சனீங்கள்?"

"எங்க ஊர்ல அப்படித்தான் வைப்போம். அவர் கையில தட்டு இருந்துச்சு."

"குழம்பு ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டனீங்களாம். வச்சது நான். எனக்குப் பொக்கெட் இல்ல."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவர் நஸீரிடம் திரும்பினார்.

"உமக்கென்ன? கையில தட்டு சரி. வாயிலயும் தட்டோ? தகரத்தில போடுங்கோ எண்டு சொல்ல ஏலாதோ?"

"கட்டார்ல ஆறு வருசம் அக்கா. அங்க அவனவன்ட காசு அவனவனுக்கு. விழுந்தா வாய் திறக்கிறதில்ல. பழகிப் போச்சு."

"இது கட்டார் இல்ல."

"ஓம் அக்கா."

அவர் பங்கு வைக்கத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்பது வரை வைத்து நிறுத்தினார். மிச்சம் சில தாள்கள்தான் கையில் இருந்தன. மின்விசிறி சுற்றியது, எல்லோரும் தங்கள் தாள்கள் மேல் கையை வைத்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொரு குவியலிலிருந்தும் கொஞ்சம் திரும்ப எடுத்தார். யாரும் கையை இறுக்கவில்லை. பத்தாவது குவியல்.

"என்ன நிக்கிறீர்? கதிரைய இழுத்து இரும்" என்றார் நஸீரிடம். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மதியச் சாப்பாட்டுக்கு அங்கேயே இருந்தேன். சுறாப் புட்டு. நஸீர்தான் பரிமாறினார். காசு கொடுத்துவிட்டு, எல்லோரும் பார்க்கத் தகரத்தில் நூறு ரூபாய் போட்டேன். ரிஸ்வான் காத்திருந்ததற்கு எதுவும் வாங்க மறுத்தார். திரும்பி வந்ததற்கு மட்டும் 900.

இலங்கையில் வேலை பார்க்கிற, அல்லது கொஞ்ச நாள் தங்கப் போகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு எனக்குத் தெரிந்தவரை: பில்லைக் கடைசி வரி வரை படியுங்கள். சேவைக் கட்டணம் இருந்தால் மேலே எதுவும் கட்டாயமில்லை. சிறிய கடையில் நூறு ரூபாய் மரியாதையான தொகை. ஆயிரம் கொடுத்தால் ஊர் பேசும். கொடுப்பதற்கு முன்னால் "இஞ்ச எப்பிடி?" என்று கேளுங்கள். எல்லாக் கடையிலும் தகரம் இருக்காது. கையிலேயே வாங்கிக்கொள்ளும் இடங்களும் உண்டு. கேட்பதில் வெட்கமில்லை. நான் கேட்காததற்குக் காரணம் மொழி தெரிந்திருந்ததுதான். தெரியாதவன் கேட்டிருப்பான். சல்லிக்குப் போனால் காலை எட்டரைக்குள் போங்கள், வலை வரும் நேரம். குடை அவசியம்.

ஞாயிறு காலை 6.40, பேருந்து நிலையம். என் கொழும்புப் பேருந்து 7.30க்கு. மூதூர்ப் பேருந்தின் ஜன்னலில் நஸீர். வாரம் ஒரு நாள் லீவு. மடியில் ஒரு பெரிய தர்ப்பூசணி, பக்கத்து இருக்கைக்காரரின் தொடையிலும் பாதி.

"குசினி ஓம் எண்டா முதலாளியும் ஓம். ஏஜென்சிக்காரனுக்கு ராத்திரியே சொல்லிட்டன் சேர். வரமாட்டன் எண்டு."

"என்ன சொன்னான்?"

"ஏசினான். நல்லா ஏசினான்." அதைச் சொல்லும்போது அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

என்னால் நேற்று நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை ஆட்டினார். "அத விடுங்க. அந்தக் குழம்பு நல்லம் எண்டு குசினிக்குள்ள போய் அக்காட்டச் சொன்னீங்களா? இல்லத்தானே? அவவுக்கு அத ஒருத்தரும் வந்து சொல்றதில்ல."

பேருந்து நகர்ந்தது. என் பேருந்துக்கு இன்னும் நாற்பத்தைந்து நிமிடங்கள் இருந்தன. கடை ஏழு நிமிட நடை. பையைத் தூக்கிக்கொண்டேன்.