துபாய் நேரத்தில் ஒரு அலாரம்

பழைய டிஜிட்டல் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் தொழிலில் பாதி வேலை திருப்புளியால் நடக்கும், மீதி வாயால். இரண்டாவதில் எனக்குக் குறையில்லை. தஞ்சாவூரில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன், மாலையில் சித்தப்பாவின் செல்போன் கடையில் மூலை மேஜை என்னுடையது. ஓடுகிற கடிகாரத்தை ஒழுங்காக ஓடவைக்கப் போய்ப் பேச்சு வாங்கியவர்கள் உங்களிலும் இருப்பார்கள். நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

மெக்கானிக் எங்கே?

பேராவூரணி தேங்காய் வியாபாரி ஒருவர் வந்தார். "மெக்கானிக் இல்லையாம்மா?" நான்தான் என்றேன். நம்பவில்லை. கடிகாரம் நாளுக்கு நாள் பின்தங்குகிறதாம். உள்ளே துடிக்கிற குவார்ட்ஸ் கிரிஸ்டலுக்கு வயதானால் அப்படித்தான். பக்கத்திலிருக்கும் கடுகளவு திருகை மயிரிழை திருப்பினால் சரியாகும். அவர் கண்ணெதிரேதான் திருப்பினேன். அடுத்த வாரம் வந்தவர், என்னைத் தாண்டிப் போய்ச் சித்தப்பாவிடம் சொன்னார்:

"கரெக்டா ஓடுது. உங்க அண்ணன் மக கையில எடுத்ததும் பயந்துட்டேன். நல்லவேளை, அப்புறம் நீங்க பாத்திருக்கீங்க."

ஒன்றரை மணி

நாகூரிலிருந்து ஒரு அக்கா வந்தார். அவர் கணவர் துபாயில் வேலை பார்த்த இடத்திலேயே இறந்துபோனவர். சாமான்களோடு வந்து சேர்ந்த கடிகாரம் அது. ஸ்லோவாக ஓடுகிறது என்றார். என் போனோடு ஒப்பிட்டேன். "ஒன்றரை மணிக்கு மேல பின்னாடி நிக்குது அக்கா, இதைப் போய் ஸ்லோன்னு சொல்றீங்க" என்று பட்டனில் விரலை வைத்தேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"ஒன்றரை மணி துபாய் டைம் தங்கச்சி, அதைத் தொடாத. மிச்சம் இருக்குற ஏழு நிமிஷத்தை மட்டும் பாரு."

பச்சை பூத்த செல்

ஏழு நிமிடத்தை மட்டும் முன்னே தள்ளி, திருகைத் திருப்பியதும் ஓட்டம் சீரானது. ஆனால் உள்ளேயிருந்த பேட்டரி செல் கசிந்து பச்சை பூத்திருந்தது. விட்டால் கடிகாரத்தை ஓட்டுகிற மாட்யூலையே அரித்துவிடும். கழற்றினால் நேரமும் அலாரமும் அழிந்துபோகும். அந்த அலாரம், கணவர் தான் வேலைக்கு எழுவதற்காக வைத்தது. அவர் போன பிறகும் தினமும் அடிக்கிறது. அக்கா அதைக் கேட்டுத்தான் எழுந்திருக்கிறார். அதே நேரத்துக்கு நான் திரும்ப வைத்துத் தந்தால் என்ன வித்தியாசம், அதே மணி, அதே சத்தம்தானே என்று வாதாடினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எல்லாம் சரிதான். ஆனா அது நீ வச்சதாயிடும்ல."

சித்தப்பாவின் வழி

ஒரு வழி இருந்தது. மெல்லிய கம்பி இரண்டைத் தொடுத்து வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்துக்கொண்டே செல்லை மாற்றலாம். கம்பி நழுவினால் எல்லாம் போச்சு. இரண்டையும் அக்காவிடம் சொன்னேன். யோசித்துவிட்டு வருகிறேன் என்று கடிகாரத்தை என் மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனார். சித்தப்பா குனிந்து மெதுவாகச் சொன்னார்: "மாத்திட்டு அதே நேரத்தை வச்சிரு. அவங்களுக்கு எப்படித் தெரியப்போவுது?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நம்பி வைத்துவிட்டுப் போனவரை ஏமாற்றுவது எந்த ஊர் நியாயம் என்று ஆரம்பித்தேன். ரீசார்ஜுக்கு வந்தவர்கள் வந்த வேலையை மறந்து நின்றார்கள்.

"பட்டிமன்றத்தை யூனிவர்சிட்டியிலேயே முடிச்சிட்டு வாம்மா. இங்க கூட்டம் சேருது, வியாபாரம்தான் நடக்கல."

கம்பி

அதற்குள் பழைய மாட்யூல் இரண்டில் பழகிப் பார்த்தேன். இரண்டிலும் நேரம் அழியவில்லை. அக்கா திரும்பி வந்தார். "செய்யி. விட்டாலும் போயிடும்னுதானே சொல்ற" என்று எதிரே உட்கார்ந்தார். கம்பியைத் தொடுத்துச் செல்லைக் கழற்றினேன். எண்கள் அப்படியே நின்றன. அலாரக் குறியும் இருந்தது. புதுச் செல்லை உள்ளே தள்ளும்போது ஒரு கம்பி நழுவியது. திரை வெறுமையாகி, அலாரக் குறி இல்லாமல் பன்னிரண்டிலிருந்து ஓட ஆரம்பித்தது.

மன்னிச்சிருங்க அக்கா என்றேன். நேரத்தையாவது வைத்துத் தரட்டுமா என்று கேட்டேன். அவர் கடிகாரத்தை எடுத்து மணிக்கட்டில் கட்டினார். வார் பெரிது, முழங்கைவரை ஏறியது. முந்தானையால் மூடிக்கொண்டார்.

"வேணாம் தங்கச்சி. யாரும் எதுவும் வைக்க வேணாம். இப்படியே ஓடட்டும்."

ஆக, ஒரு நொடிகூட முந்தாமல் பிந்தாமல், எந்த ஊருக்கும் பொருந்தாத நேரத்தைக் காட்டிக்கொண்டு, என் கைவண்ணத்தில் நாகூரில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.